தாழ்ந்த சுரத்தைத் தேடிய பொற்கொல்லர்: தியோபால்ட் போம்

இவ்வாண்டு முடிவதற்குள் நான் ஒரு புல்லாங்குழல் வாங்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகச் சேர்ந்த காற்றிசைக் குழுவில் தொடங்கி, இன்று பல்கலைக்கழகக் குழு வரை என்னுடன் வரும் சாதாரணப் புல்லாங்குழல் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. இப்போது தேடுவது அதைவிடத் தாழ்ந்த ஒலி தரும் குழலை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆல்ட்டோ, மற்றொன்று பாஸ். இரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் துணைப்பாட வகுப்பு நடத்திச் சேர்த்த பணத்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும். எதை வாங்குவது?

பேரவை நண்பர்கள் பலருக்கு இந்த இரு பெயர்களும் புதியவையாக இருக்கலாம். நமக்குப் பழக்கமான முறையில் சொல்கிறேன். பள்ளிக் குழுக்களில் நாம் பார்க்கும் வெள்ளி நிறப் புல்லாங்குழலின் அடிச் சுரத்தை மத்திய ஸ்தாயி சட்ஜமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ட்டோ அதற்கும் கீழே இறங்கி மந்திர ஸ்தாயிப் பஞ்சமத்தில் நிற்கும். பாஸ் இன்னும் இறங்கி மந்திர சட்ஜமத்தைத் தொடும். இறங்க இறங்கக் குழாய் நீளும், அகலும், கனக்கும். விலையும் ஏறும்.

கடைக்காரரிடம் கேட்டால் கையிருப்பில் இருப்பதைச் சொல்வார். வாசிப்பவரிடம் கேட்டால் தாம் வைத்திருப்பதைச் சொல்வார். ஆகவே இக்குழல் ஏன் பிறந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம் என்று படிக்க ஆரம்பித்தேன். எங்கு திரும்பினாலும் ஒரே மனிதர்தான் எதிரே வந்து நின்றார். ஜெர்மனியின் மியூனிக் நகரத்தைச் சேர்ந்த தியோபால்ட் போம். நம் பள்ளிக் குழுக்களில் புல்லாங்குழல் வாசித்த ஒவ்வொருவரும், பெயர் அறியாமலே, இவர் வகுத்த இடங்களில்தான் விரல் வைத்திருக்கிறோம். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக இங்கே சொல்ல விரும்புகிறேன். இசைக் கருவி வாங்க நினைக்காதவர்களுக்கும் இதில் பயன் உண்டு என்று நம்புகிறேன்.

பகலில் பொன், இரவில் குழல்

1794-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் மியூனிக்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் போம் பிறந்தார். தந்தையின் பட்டறையே அவருடைய முதல் பள்ளி. மெல்லிய தகட்டை வளைப்பது, பற்றவைப்பது, மயிரிழை அளவுக்குத் துல்லியமாக அளப்பது ஆகியவை சிறு வயதிலேயே அவர் கைக்கு வந்துவிட்டன. குழல் வாசிக்க ஆசைப்பட்டார். கையில் நல்ல குழல் இல்லை. எனவே 1810-இல், பதினாறு வயதில், டிரெஸ்டன் நகரத்துக் கிரென்ஸர் செய்த நான்கு விசைக் குழல் ஒன்றைப் பார்த்து, அதைப்போலவே தமக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்.

அக்கம்பக்கத்தில் குடியிருந்த கப்பெல்லர் என்பவர் அரசவை இசைக்குழுவின் குழல் கலைஞர். இந்தப் பையனின் வாசிப்பைக் கேட்ட அவர் கட்டணம் வாங்காமலே கற்றுக்கொடுக்க முன்வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1812-இல், மியூனிக்கின் இஸார்டோர் நாடக அரங்கில் போம் முதன்மைக் குழல் கலைஞரானார். பகலில் நகை வேலை, இரவில் அரங்கில் வாசிப்பு என்று சில ஆண்டுகள் கழிந்தன. 1818-இல் அரசவை இசைக்குழுவிலேயே இடம் கிடைத்தது. அதன் பிறகுதான் நகைத் தொழிலை விட்டார். ஆனால் அந்தத் தொழில் கற்றுக்கொடுத்த கை அவரை விடவில்லை. 1828-இல் சொந்தமாகக் குழல் பட்டறை ஒன்றைத் திறந்தார்.

அக்காலத்துக் குழல் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்த வேலையின் அருமை புரியும். மரத்தால் ஆனது, கீழே போகப்போகக் குறுகும். விரல் எட்டும் இடங்களில் ஆறு துளைகள். எஞ்சிய சுரங்களுக்குச் சிறு விசைகள், அல்லது விரல்களைக் குறுக்காக மாற்றி வைக்கும் உபாயங்கள். துளைகள் விரலுக்கு வசதியான இடத்தில் இருந்தனவே தவிர, சுரத்துக்குச் சரியான இடத்தில் இல்லை. ஒரு சுரம் கணீரென்று வரும், அடுத்த சுரம் மூக்கடைத்தாற்போல் வரும். நல்ல கலைஞர்கள் உதட்டை அசைத்து அசைத்து இந்தக் குறையை மறைத்தார்கள். போமும் இப்படித்தான் வாசித்துப் பெயர் பெற்றார்.

லண்டனில் கேட்ட ஒலி

1831-இல் போம் லண்டன் சென்றார். அங்கே சார்ல்ஸ் நிக்கல்சன் என்ற ஆங்கிலக் கலைஞரின் வாசிப்பைக் கேட்டார். அந்த ஒலியின் பருமன் அவரைத் திகைக்க வைத்தது. நிக்கல்சனின் குழலில் துளைகள் வழக்கத்தைவிடப் பெரியவை. அவற்றை மூடவல்ல அகன்ற விரல்களும் பெரிய கைகளும் அவருக்கு இருந்தன. தம்முடைய கைகளால் அந்தக் குழலை ஆள முடியாது என்பது போமுக்குத் தெரிந்துவிட்டது.

இங்கேதான் நம் கவனத்துக்குரிய திருப்பம் வருகிறது. சரியான கை தமக்கு அமையவில்லை என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டார். நல்ல ஒலிக்குத் துளை எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருக்கட்டும், எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிதாகட்டும், அந்தத் துளையைக் கையிடம் கொண்டுவருவது இயந்திரத்தின் பொறுப்பு என்று முடிவு செய்தார். லண்டனில் ஜெரோக், உல்ஃப் நிறுவனத்தாரிடம் முதல் முயற்சியாக ஒரு குழல் செய்து பார்த்தார். அதில் நிறைவடையாமல், ஊர் திரும்பி 1832-இல் முற்றிலும் புதிய அமைப்பை உருவாக்கினார்.

ஒரு ஸ்தாயியின் எல்லாச் சுரங்களும் சரியாக ஒலிக்கப் பதினான்கு துளைகள் வேண்டும். வலக் கட்டை விரல் குழலைத் தாங்குவதால் வாசிக்க எஞ்சுபவை ஒன்பது விரல்கள். ஒன்பது விரல்களால் பதினான்கு துளைகளை எப்படி ஆள்வது? துளைகளைச் சுற்றி வளையங்களை அமைத்தார். விரல் துளையை மூடும்போது வளையமும் கீழே இறங்கும். வளையம் ஒரு நீண்ட அச்சில் கோத்திருக்கும். அச்சு சுழன்று, தொலைவில் உள்ள வேறொரு மூடியையும் சேர்த்து மூடும். பொறியியல் படிக்கும் எனக்கு இந்த அமைப்பின் எளிமை இன்றும் வியப்பளிக்கிறது. பின்னர் பாரிஸில் குளோஸே என்பவரும் பஃபே என்பவரும் இதே வளைய விசையைக் கிளாரினெட்டில் பயன்படுத்தினார்கள். நம் குழுவின் கிளாரினெட் நண்பர்கள் கையில் இருப்பதும் போம் முறை என்றே அழைக்கப்படுகிறது.

புகழோடு பழியும் வந்தது. பிரெஞ்சு மன்னரின் சுவிஸ் காவல் படையில் பணியாற்றிய கேப்டன் கார்டன் என்பவரும் அதே காலத்தில் குழலைச் சீர்திருத்த முயன்றுகொண்டிருந்தார். அவர் மியூனிக்குக்கே வந்து போமின் பட்டறையில் தம் குழல்களைச் செய்து பார்த்தவர். போம் தம் கருத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று 1838-இல் பாரிஸைச் சேர்ந்த கோஷ் என்ற ஆசிரியர் குற்றம் சாட்டினார். போம் மறுத்தார். அவர் இறந்த பிறகும் இங்கிலாந்தில் இரண்டு தரப்பாகப் பிரிந்து நூல்கள் எழுதி வாதிட்டார்கள். இருவரும் ஒரே சிக்கலை எதிர்கொண்டவர்கள், கார்டனின் முயற்சி முழுமை பெறவில்லை, நிலைத்த அமைப்பு போமுடையது என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் முடிவு.

ஐம்பத்திரண்டு வயதில் பல்கலைக்கழகம்

1830-களின் நடுவிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் போம் குழல் செய்வதைப் பெருமளவு ஒதுக்கி வைத்தார். பவேரிய நாட்டின் இரும்பு, எஃகுத் தொழிலை மேம்படுத்தும் பணியில் ஈடுபட்டார். இசைக் கலைஞர் ஒருவர் உலைக்களத்தில் என்ன செய்தார் என்று சிலர் வியக்கக்கூடும். உலோகத்தோடு வளர்ந்தவருக்கு அது அயல் வீடு அல்ல.

திரும்பக் குழலுக்கு வந்தபோது அவர் வயது ஐம்பத்திரண்டு. அந்த வயதில் அவர் செய்த செயல் நம்மைப் போன்ற மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1846, 1847 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷாஃப்ஹொய்ட்லிடம் ஒலியியல் பயின்றார். ஐரோப்பாவே பாராட்டிய கலைஞர், தம் குழல் ஏன் நன்றாக ஒலிக்கிறது என்பதற்குத் தம்மிடம் முழு விடை இல்லை என்று கருதிப் பாடம் கேட்கச் சென்றார். இரண்டாம் ஆண்டிலேயே விரிவுரைக்குச் சலித்துக்கொள்ளும் நமக்கு இது சற்று உறைக்கத்தான் செய்யும்.

பயின்றதைப் பட்டறையில் சோதித்தார். கூம்பாகவும் உருளையாகவும், உலோகத்திலும் மரத்திலும், பல அகலங்களில் எத்தனையோ குழாய்களைச் செய்து ஊதிப் பார்த்தார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு துண்டாகக் கழற்றி மாட்டக்கூடிய குழாய் ஒன்றையும் செய்தார். 1847-இல் விடை கிடைத்தது. உடல் நேரான உருளை. தலைப்பகுதி மட்டும் பரவளைவாக மெல்லக் குறுக வேண்டும். அகலம் 20 மில்லிமீட்டர் என்றால் கீழ்ச் சுரங்கள் நிறைந்து ஒலித்தன, ஆனால் மூன்றாம் ஸ்தாயி சிரமப்பட்டது. எனவே 19 மில்லிமீட்டரில் நிறுத்தினார். இன்று நம் கையில் உள்ள புல்லாங்குழலின் உள்ளகலமும் அதுவே. துளையின் விட்டம் குழாயின் அகலத்தில் குறைந்தது முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்றும் கண்டார். அவ்வளவு பெரிய துளையை எந்த விரலும் மூட முடியாது. எனவே எல்லாத் துளைகளுக்கும் மெத்தை வைத்த மூடிகளை அமைத்தார்.

இந்தக் குழலைச் செய்யும் உரிமையைப் பாரிஸிலும் லண்டனிலும் உள்ள நிறுவனங்களுக்கு விற்றார். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியிலும், 1855-இல் பாரிஸ் கண்காட்சியிலும் பரிசுகள் கிடைத்தன. 1848-இலேயே இசைக்குழுவிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வேறொருவராக இருந்தால் இத்துடன் கதை முடிந்திருக்கும்.

அறுபதில் பிறந்த ஆல்ட்டோ

1850-களின் நடுவில், அறுபது வயதையொட்டிய போம் தம் கவனத்தை எதிர்த்திசையில் திருப்பினார். அதுவரை உரத்த, விரைவான, உயர்ந்த சுரங்களிலும் தடுமாறாத குழலைத் தேடியவர், இப்போது தாழ்ந்த குழலைத் தேடினார். தாழ்ந்த ஒலிக்கு அதற்கு முன்பும் முயற்சிகள் நடந்தன. சாதாரணக் குழலின் அடியில் கூடுதல் துண்டு ஒன்றை ஒட்டினார்கள். காதல் குழல் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரில் சற்றே பெரிய குழல் ஒன்றும் இருந்தது. அவற்றின் கீழ்ச் சுரங்கள் வலுவின்றி, உறுதியின்றி ஒலிப்பதாகப் போம் கருதினார். நீளத்தை மட்டும் கூட்டினால் போதாது, அகலம், துளை, மூடி என அனைத்தையும் புதிதாகக் கணக்கிட்டுத் தனிக் கருவியாகவே படைக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

அதற்கான கணக்கு அவரிடம் இருந்தது. எந்தச் சுருதிக்கும் துளைகளின் இடங்களை வடிவியல் முறையில் வரைந்து காட்டும் வரைபடம் ஒன்றை அவர் வகுத்திருந்தார். அடிப்படை எளிது. திறந்த குழாயில் காற்றுத் தூணின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி. சாதாரணக் குழலின் அடிச் சுரத்துக்கு அது சுமார் 66 சென்டிமீட்டர். ஆல்ட்டோவுக்குச் சுமார் 88. பாஸுக்குச் சுமார் 132. இந்த எண்களைப் பார்த்தாலே அவருடைய அடிப்படைக் கொள்கை எவ்வளவு தேவைப்பட்டது என்பது விளங்கும். மூங்கில் குழலில் விரலின் தோலே துளையை மூடுகிறது. எனவே துளைகளுக்கு இடையிலான தூரம் விரல்கள் விரியும் அளவைத் தாண்ட முடியாது. வட இந்தியாவில் பன்னாலால் கோஷ் நீண்ட பெரிய பன்சூரியை உருவாக்கியபோது அந்த எல்லையின் விளிம்பு வரை சென்றார். விசை அமைப்பு இருந்ததால் போமுக்கு அந்த எல்லை இல்லை.

தம் ஆல்ட்டோவைப் போம் மிகவும் நேசித்தார். முதுமையில் அதையே விரும்பி வாசித்தார். மோட்ஸார்ட், பீத்தோவன் போன்றோரின் மெதுவான பகுதிகளை அதற்கேற்றவாறு மாற்றி எழுதினார். வித்தை காட்டும் வாசிப்புக்கு அல்ல, பாட்டுப்போல் இழைந்து வரும் வாசிப்புக்கும், பெண் குரலுக்குத் துணையாக வாசிப்பதற்குமே அது ஏற்றது என்பது அவருடைய கருத்து. இந்த ஒரு செய்திதான் என்னுடைய தேர்வில் பெரும்பங்கு வகித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய இசையமைப்பாளர்கள் அக்குழலின் அருமையை உணர நெடுங்காலம் ஆனது. ரவெல் 1912-இல் அரங்கேறிய டாஃப்னிஸும் க்ளோயேயும் என்ற பாலே இசையிலும், ஸ்ட்ராவின்ஸ்கி 1913-இல் அரங்கேறிய வசந்தத்தின் சடங்கிலும், ஹோல்ஸ்ட் 1914-க்கும் 1917-க்கும் இடையில் எழுதிய கோள்கள் இசைத்தொகுப்பிலும் ஆல்ட்டோவுக்கு இடம் தந்தார்கள். இவற்றில் ஒன்றையும் கேட்கப் போம் உயிரோடு இல்லை.

பெயர்க் குழப்பம்

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. இங்கிலாந்தில் நெடுங்காலமாகப் போமின் ஆல்ட்டோவையே பாஸ் என்று அழைத்தார்கள். போமின் நூலுடைய ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அது பாஸ் என்றே வருகிறது. ஹோல்ஸ்டும் தம் இசைப்பிரதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். எனவே பழைய இசைத் தாளில் பாஸ் என்று இருந்தால் உடனே பாஸ் குழலைத் தேடி ஓட வேண்டாம். எந்தச் சுருதிக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். ஜி சுருதி என்றால் அது ஆல்ட்டோ. இன்று நாம் பாஸ் என்பது சாதாரணக் குழலைவிட ஒரு முழு ஸ்தாயி தாழ்ந்தது. 1910-இல் இத்தாலியின் அல்பிசி நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் பாஸ் ஒன்றை உருவாக்கினார். இன்றைய பாஸ் பக்கவாட்டில் பிடிப்பது, தலைப்பகுதி வளைந்து திரும்புவது. அதைப் போம் செய்யவில்லை. எனினும் அவர் வகுத்த விரல் முறையே அதிலும் இருக்கிறது.

ஆல்ட்டோவா, பாஸா?

இனி என் தேவைக்கு வருகிறேன். நம் பேரவையின் ஆண்டுக் கலை இரவில் தோழி ஒருத்தி பாட, நான் துணையாக வாசிப்பது வழக்கம். அவளுடைய சுருதி ஐந்து கட்டை. அதாவது அவளுடைய மத்திய சட்ஜமம், மேற்கத்திய முறையில் ஜி. என் சாதாரணக் குழலின் அடிச் சுரமோ ஒரு கட்டை, அதாவது சி. அவளுடைய ஸ்தாயியில் அது சுத்த மத்தியமம். ஆக, அவள் பாடும் அதே ஸ்தாயியின் சட்ஜம, ரிஷப, காந்தாரங்கள் என் குழலில் இல்லவே இல்லை. எப்போதும் ஒரு ஸ்தாயி மேலேறி அவள் குரலின் தலைக்கு மேல் பறந்துகொண்டிருக்கிறேன்.

ஆல்ட்டோவின் அடிச் சுரம் சரியாக அவளுடைய சட்ஜமம். அங்கிருந்து மேல் சட்ஜமம் வரை அவளோடு தோளோடு தோள் நடக்கலாம். பாஸ் இன்னும் கீழே, அவளுடைய மந்திர ஸ்தாயி மத்தியமம் வரை செல்லும். கணக்குப்படி பாஸே மேல். ஆனால் பாஸின் கீழ்ச் சுரங்கள் மிக மென்மையானவை. மிருதங்கத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் அவை கேட்கா. பாஸின் உண்மையான வீடு புல்லாங்குழல்கள் மட்டுமே சேர்ந்த குழு. அங்கே அடித்தளமாக நின்று எல்லாரையும் தாங்கும். உங்களுக்கு அப்படி ஒரு குழு இருந்து, அதில் பாஸ் இல்லையென்றால், தயங்காமல் பாஸ் வாங்கலாம். காற்றிசைக் குழு, நாடக இசை, பாட்டுக்குத் துணை என்று பல இடங்களில் பயன்பட வேண்டுமானால் ஆல்ட்டோவே ஏற்றது.

மூங்கில் குழலே வாங்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விரலைத் துளையின் மேல் மெல்ல நகர்த்திக் கமகம் வாசிக்கும் வசதி மூங்கிலுக்கு மட்டுமே உரியது. விரலுக்கும் காற்றுக்கும் இடையில் மூடியை வைத்தபோது போம் ஒலியின் சமநிலையைக் கொடுத்து, அந்தத் தொடுகையை எடுத்துக்கொண்டார். ஆல்ட்டோவிலும் பாஸிலும் மூடிகள் பெரும்பாலும் துளையற்றவை என்பதால் இந்த இழப்பு இன்னும் அதிகம். உதட்டாலும் மூச்சாலும் சுரத்தை ஓரளவு வளைக்கலாம், அவ்வளவே. பத்தாண்டுகள் விசையில் பழகிய விரல்களோடு நான் இந்த இழப்பை ஏற்றுக்கொள்கிறேன். புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகள் கர்நாடக இசையையே முதன்மையாக வாசிக்க விரும்பினால், மூங்கிலில் தொடங்குவதே முறை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, கை. ஆல்ட்டோவின் தலைப்பகுதி நேராகவும் வரும், வளைந்தும் வரும். நேரானதில் கை நீளமாக நீள வேண்டும், கனம் வலப்பக்கம் இழுக்கும். வளைந்ததில் விசைகள் உடலுக்கு அருகில் வரும். ஆனால் குழல் கைக்குள் உருளும் போக்கு உண்டு. சில நிறுவனங்கள் இரண்டு தலைகளையும் சேர்த்தே விற்கின்றன. எனக்கு உயரம் ஐந்தடிக்குச் சற்றே கூடுதல். வளைந்த தலையைத்தான் எடுக்கப்போகிறேன். அது குறுக்கு வழி என்று கருதும் வாசிப்பாளர்கள் உண்டு. துளையைக் கையிடம் கொண்டுவருவது கருவியின் கடமை என்று போம் நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டார் என்பதே அவர்களுக்கு என் பதில்.

இரண்டாவது, ஒலி. கடையில் வேகமான பயிற்சிகளை வாசித்துப் பார்ப்பதில் பயனில்லை. கீழ்ச் சுரங்களை மிக மென்மையாகத் தொடங்கி நீட்டுங்கள். உடனே பேசுகிறதா, தயங்குகிறதா என்று கவனியுங்கள். பிறகு அதே சுரத்தை மேல் ஸ்தாயியில் வாசித்துச் சுருதி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சாதாரணக் குழலுக்கு ஊதுவதுபோல் கூர்மையாக ஊதினால் ஆல்ட்டோ இணங்காது. அகலமான, நிதானமான காற்று வேண்டும். ஆகவே வாய் பழகச் சற்று நேரம் கொடுத்துவிட்டு மதிப்பிடுங்கள்.

மூன்றாவது, மூடிகள். இன்றைய ஆல்ட்டோவின் உள்ளகலம் சுமார் 26 மில்லிமீட்டர். போமின் முக்கால் பங்கு விதிப்படி துளைகள் ஏறத்தாழ 20 மில்லிமீட்டராவது இருக்கும். அவ்வளவு பெரிய மெத்தைகளில் சிறு இடைவெளி இருந்தாலும் காற்று கசிந்து கீழ்ச் சுரங்கள் செத்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் மெத்தைகள் விரைவில் உப்பும். பழைய குழல் வாங்குவோர் மெத்தை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நான்காவது, உலோகம். வெள்ளி, வெள்ளி முலாம், தங்கப் பித்தளை எனப் பலவும் கிடைக்கின்றன. யமஹாவின் ஆல்ட்டோ ஒன்று தங்கப் பித்தளைக் குழாயால் ஆனது. உலோகத்தின் பெயருக்கு அதிக விலை கொடுப்பதைவிடத் தலைப்பகுதியின் வாய்த்துளை எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பது நல்லது. ஒலி பிறக்கும் இடம் அதுவே. ஐந்தாவதாக, உட்கார்ந்தபடி பதினைந்து நிமிடம் இடைவிடாமல் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால், எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் அது உங்கள் குழல் அல்ல.

இறுதி ஆண்டுகள்

போமின் குழலை உலகம் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய விரல் முறையில் ஊறியவர்கள் எதிர்த்தார்கள். 1860-இல் டோரு என்பவர் பாரிஸ் இசைக் கல்லூரியில் பேராசிரியரான பிறகே அங்கு அது அதிகாரப்பூர்வமாக இடம்பெற்றது. அவர் பிறந்த ஜெர்மனியிலோ பல இசைக்குழுக்கள் இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்வரை பழைய மரக்குழலையே விரும்பின. போம் பொறுமையாகத் தம் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். 1862-இல் மெண்ட்லர் என்ற கைவினைஞரைப் பங்காளியாக்கிக்கொண்டார். அவ்விருவர் பெயரும் பொறித்த குழல்கள் இன்றும் சேகரிப்பாளர்களால் போற்றப்படுகின்றன. 1871-இல், எழுபத்தேழு வயதில், தாம் கண்டறிந்த அளவுகள் அனைத்தையும் குழலும் குழல் வாசிப்பும் பற்றிய நூலாக வெளியிட்டார். எதையும் ஒளித்து வைக்கவில்லை. டேட்டன் மில்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1908-இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதனால்தான் என்னைப் போன்ற ஒரு மாணவரால் இன்று அதைப் படித்து, கடையில் நிற்கும் குழலை அவருடைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

1881-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், எண்பத்தேழாவது வயதில், பிறந்த அதே மியூனிக்கில் தியோபால்ட் போம் காலமானார்.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1832-உம் அல்ல, 1847-உம் அல்ல. பதக்கங்கள் வாங்கி முடித்த பிறகு, யாரும் கேட்காத தாழ்ந்த குழலை அவர் செய்த அந்த ஆண்டுகள்தான். பிறர் மெச்சும் வேகம் அவரிடம் இருந்தது. ஆனாலும் இன்னொரு குரலுக்குத் துணையாக ஒலிப்பதில் ஒரு நிறைவைக் கண்டார். நாம் எதை வாங்கினாலும், எதைக் கற்றாலும், அது யாரோடு சேர்ந்து ஒலிக்கப்போகிறது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. என் விடை ஆல்ட்டோ. அடுத்த கலை இரவில் தோழி சட்ஜமத்தில் நிற்கும்போது, நானும் அதே சட்ஜமத்தில் நிற்பேன்.